உடுமலை – பழனி சாலையில் ஒரு சிறிய தனியார் பேருந்து நிறுவனம்: நெடுநாள் பயணியின் அனுபவம்

உடுமலைப்பேட்டையில் குடியிருந்து பழனியில் வேலை பார்ப்பவன் என்ற முறையில், இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பாலும் ஒரே தனியார் நிறுவனத்தின் பேருந்துகளில்தான் போய் வருகிறேன். தடத்தில் மூன்று வண்டிகள், மாற்றுக்கு ஒரு ஸ்பேர் வண்டி, பழனி சாலையோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட் ஆகியவைதான் அந்தக் குடும்ப நிறுவனத்தின் மொத்த உடைமை. குறைகளையும் சேர்த்தே எழுதுவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இவ்வளவு காலம் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு: இந்த நிறுவனத்திடம் எனக்குப் பிடித்தவை, பிடிக்காதவை ஆகிய எல்லாமே அதன் பர்மிட்டோடு வரும் நேரப் பட்டியலிலிருந்துதான் பிறக்கின்றன.

இந்தச் சாலைக்குப் பேருந்து வரலாற்றில் ஒரு தனி இடம் உண்டு. கோவையின் ஜி.டி. நாயுடு 1920-இல் ஒரே ஒரு வண்டியை வைத்துத் தம் தொழிலைத் தொடங்கியது பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில்தான். அந்த வண்டியைத் தாமே ஓட்டினார். பின்னாளில் நூற்றுக்கணக்கான பேருந்துகளை இயக்கிய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் அங்கிருந்துதான் வளர்ந்தது. 1931-இல் பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டர் ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட்டைத் தொடங்கினார், ஏ.பி.டி. என்ற மூன்றெழுத்தில் இன்றும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பேசுவது அந்த நிறுவனத்தைத்தான். அந்தக் காலத்தில் வண்டி நிறைந்தால்தான் கிளம்பும் என்பதும், ஒரே தடத்தில் இரண்டு முதலாளிகளின் வண்டிகள் ஆட்களுக்காக முட்டி மோதிக்கொள்ளும் என்பதும் நாடெங்கும் இருந்த நிலைமை. 1939-இல் வந்த மோட்டார் வாகனச் சட்டம், எந்த வண்டி எந்தத் தடத்தில் ஓடலாம் என்பதை அரசு தரும் அனுமதியோடு கட்டிப்போட்டது. இன்று நாங்கள் அனுபவிக்கும் ஒழுங்கும் அந்த ஒழுங்குக்குள்ளேயே நடக்கும் சண்டையும் அங்கே தொடங்கியவை என்றே நினைக்கிறேன்.

பெரிய நிறுவனங்கள் மறைந்து சிறியவை எப்படி மிஞ்சின என்பதைப் பலர் கேட்பதுண்டு. பெருநிறுவனங்களின் பேருந்துகளை அரசே எடுத்துக்கொள்வதற்கான சட்டம் 1971-இல் நிறைவேறியது. அதையடுத்து 1972-இல் கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு சேரன் போக்குவரத்துக் கழகம் உருவானது. 1997-இல் எல்லாக் கழகங்களும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப்பெயருக்கு மாறிவிட்ட பின்னும், 'சேரன் பஸ் போயிருச்சுங்களா' என்று கேட்கும் பாட்டிமார்களை மடத்துக்குளம் நிறுத்தத்தில் நான் பார்த்திருக்கிறேன். ஓரிரு பர்மிட் மட்டுமே வைத்திருந்தவர்கள் அந்த அலையில் அடித்துச் செல்லப்படவில்லை. நான் பயணம் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கியவர், பெரிய நிறுவனம் ஒன்றில் ஓட்டுநராக இருந்தவர். அரசு வேலைக்கு மாறாமல், உறவினர் ஒருவரிடமிருந்து ஒரு பர்மிட்டை வாங்கி, பழைய வண்டி ஒன்றைத் தாமே ஓட்டித் தொழிலை ஆரம்பித்ததாக அவருடைய மகன் என்னிடம் சொல்லியிருக்கிறார். இப்போது நிறுவனத்தை நடத்துபவர் அந்த மகன்தான்.

பர்மிட் என்பது வெறும் ஓட்டுரிமை அன்று. இன்று நடைமுறையில் உள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வட்டாரப் போக்குவரத்து ஆணையம் அதை வழங்குகிறது. நம் மாநிலத்தில் மாவட்ட ஆட்சியரே அதன் தலைவர். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய அந்த அனுமதியில் தடம், நடைகளின் (ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் பயணங்களின்) எண்ணிக்கை, எந்த நிலையத்திலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பதெல்லாம் நிமிடக் கணக்கில் அடங்கியிருக்கும். முன்னால் போகும் வண்டிக்கும் பின்னால் வரும் வண்டிக்கும் நடுவே உள்ள அந்தச் சில நிமிடங்களில் சாலையோரத்தில் வந்து சேர்ந்து நிற்கும் ஆட்கள்தான் ஒரு வண்டியின் வருமானம். முன் வண்டி இரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பினால், அந்த இரண்டு நிமிடத்து ஆட்கள் அதில் ஏறிவிடுவார்கள். பின் வண்டிக்கு அது நேரடி நட்டம்.

இதைக் கண்ணால் பார்க்க விரும்புபவர்கள் காலையில் உடுமலை பேருந்து நிலையத்தில் சற்று நேரம் நின்றால் போதும். எங்கள் வண்டியின் நடத்துநர் புறப்பாட்டுக்கு முன்பே முன்வண்டியின் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். கையில் கைப்பேசி இருந்தாலும், நிலையத்தின் நேரக்காப்பாளர் சொல்லும் நேரம்தான் செல்லும். முன்வண்டியின் நேரம் முடிந்த கணத்தில் அதன் பின்பக்கத் தகட்டை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டி, 'எடுங்கண்ணா, நேரமாச்சு' என்பார். அது நகரும்வரை அந்த இடத்தை விட்டு அசைய மாட்டார். முன்வண்டி நகர்ந்ததும் ஓடி வந்து தம் வண்டியின் படிக்கட்டில் நின்றபடி 'மடத்துக்குளம், பழனி, பழனி' என்று கூப்பிடத் தொடங்குவார். அவருக்கு அடுத்த வண்டியின் நடத்துநர் இப்போது எங்கள் வண்டியின் பின்னால் வந்து நிற்பார். ஒருவரை ஒருவர் கண்காணிக்கும் இந்த ஏற்பாட்டைப் போல வண்டிகளை நேரத்துக்குக் கிளப்பும் வழி வேறொன்றை நான் கண்டதில்லை. எங்கள் வண்டி நேரம் கடந்து புறப்பட்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம். பழனியில் வேலைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்ததற்கு நான் முதலில் நன்றி சொல்ல வேண்டியது இதற்குத்தான்.

அதே நிமிடங்கள்தான் இந்த நிறுவனத்தின் மிகப் பெரிய குறைக்கும் காரணம். நிலையத்தில் நேரத்துக்குக் கிளம்பும் வண்டி, வழியில் ஆளில்லாத நிறுத்தங்களில் ஊர்ந்து போகும். பின்வண்டியின் விளக்கு தெரிந்தவுடன் பாய்ந்து செல்லும். ஒரு மழைநாள் மாலையில் மடத்துக்குளத்துக்கு முன்பாக இரண்டு வண்டிகளும் அருகருகே ஓடியபோது, மடியில் குழந்தையை வைத்திருந்த ஒரு பெண் எழுந்து நின்று ஓட்டுநரைத் திட்டினார். வண்டி முழுவதும் அவரோடு சேர்ந்துகொண்ட பிறகுதான் வேகம் குறைந்தது. மறுநாள் நான் ஷெட்டுக்கே போய் முதலாளியிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, அந்த ஓட்டுநரைச் சில நாள் ஸ்பேர் வண்டிக்கு மாற்றினார். ஆனால் வசூலில் ஒரு பங்கு ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் படியாக (பேட்டாவாக) போகும் வரையில், எத்தனை பேரை மாற்றினாலும் பின்னால் வரும் வண்டியைக் கண்ணாடியில் பார்க்கும் கண் மாறாது. படியை வசூலோடு கட்டாமல் நிலையான சம்பளமாகக் கொடுங்கள் என்று பலமுறை சொல்லிவிட்டேன், இன்னும் செய்யவில்லை. காதைப் பிளக்கும் பல்லொலி ஹாரனைச் சட்டம் தடைசெய்திருந்தும் இரண்டு வண்டிகளில் அது இருந்தது, ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போகும்போது கழற்றப்பட்டு, திரும்பி வந்ததும் மாட்டப்பட்டது. இந்த வழக்கத்தைக் கடுமையாகவே கண்டிக்கிறேன்.

பணக் கணக்கைப் பார்த்தால் முதலாளியின் நெருக்கடியும் புரிகிறது. பேருந்துக் கட்டணத்தை நிர்ணயிப்பது அரசு. தனியார் வண்டியும் அதற்கு மேல் வாங்க முடியாது. 2018 ஜனவரியில் கட்டணம் உயர்த்தப்பட்டு, அதே மாத இறுதியில் சற்றுக் குறைக்கப்பட்டபோது, புறநகர் சாதாரணப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 58 காசு என்று முடிவானது. உடுமலையிலிருந்து பழனி ஏறத்தாழ 35 கிலோமீட்டர். ஐம்பத்தைந்து இருக்கையும் முழுத்தொலைவுக்கு நிறைந்தால்கூட ஒரு நடைக்குச் சுமார் 1,100 ரூபாய்தான் கிடைக்கும். லிட்டருக்கு நான்கைந்து கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அந்த நடைக்கு எட்டு லிட்டர் டீசல் வேண்டும். கட்டணம் உயர்ந்தபோது 65 ரூபாய் அளவில் இருந்த டீசல் பின்னர் 92 ரூபாயைத் தாண்டியது. அந்த விலையில் எண்ணெய்க்கு மட்டும் 730 ரூபாய்க்கு மேல் போய்விடுகிறது. எஞ்சியதில் சம்பளம், படி, டயர், காலாண்டு வரி, காப்பீடு, நிலையக் கட்டணம், வங்கித் தவணை எல்லாம் அடங்க வேண்டும். நின்றுகொண்டு வருபவர்கள் இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது என்று முதலாளி சொல்வதை நான் ஏற்கிறேன். காலை நெரிசலில் மாணவர்கள் படிக்கட்டில் தொங்குவதை அந்தக் கணக்கைக் காட்டி நியாயப்படுத்துவதை மட்டும் ஏற்க முடியாது.

வண்டிகளின் பராமரிப்பில் எனக்குக் குறை சொல்ல அதிகம் இல்லை. அசோக் லேலண்ட் சேசிஸ் (எஞ்சினோடு கூடிய அடிச்சட்டம்) வாங்கி, கரூரில் பாடி கட்டி வருகிறார்கள்; இருக்கைகளின் இடைவெளி மட்டும் முழங்கால் இடிக்கும் அளவுக்குக் குறைவு. இரவு கடைசி நடை முடிந்ததும் வண்டியைக் கழுவி, காற்று பார்த்து, மறுநாள் விடியற்காலையில்தான் எடுக்கிறார்கள். நடுவழியில் வண்டி நின்றுபோனால் ஸ்பேர் வண்டி அரை மணிக்குள் வந்துவிடும், அதற்குள் பின்னால் வரும் வேறு நிறுவனத்து வண்டியில் ஏற்றி அனுப்பி, அந்தக் கட்டணத்தை நடத்துநரே கொடுத்துவிடுவார். சாலையில் போட்டி போடும் இரண்டு நிறுவனங்களும் இந்த விஷயத்தில் ஒருவருக்கொருவர் முகம் கோணாமல் உதவிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

எழுத்தில் இல்லாத சேவைகளும் உண்டு. உடுமலை மருந்துக் கடையில் வாங்கிய பொட்டலத்தை நடத்துநரிடம் கொடுத்தால், வழியில் உள்ள கிராமத்து நிறுத்தத்தில் காத்திருக்கும் பேரனின் கையில் அது போய்ச் சேரும். பூக்கூடை, தக்காளிப் பெட்டி, பட்டுக்கூடு நிரப்பிய சாக்கு என்று எங்கள் பகுதியின் விளைச்சலில் ஒரு பகுதி இந்த வண்டிகளின் பின்பக்கத்திலும் மேற்கூரையிலும் போயிருக்கிறது. ரயில் பாதையை அகலப்படுத்தும் பணிக்காகப் பொள்ளாச்சி – பழனி தடம் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தபோது, எங்களுக்குச் சாலையைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 2015-இல் ரயில் திரும்பி வந்த பிறகும் எங்கள் வண்டியின் கூட்டம் பெரிதாகக் குறையவில்லை. நாளில் சில முறை மட்டும் வரும் ரயில் வயல்களுக்கு நடுவில் உள்ள நிறுத்தங்களில் நிற்காது என்பதுதான் காரணம்.

தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் மட்டும் நேரப் பட்டியல் முழுதும் குலைந்துவிடும். காவடியோடு பழனிக்கு நடந்து செல்பவர்கள் சாலையின் ஒரு பாதியை நிறைத்துக்கொண்டு போவார்கள். அந்த நாட்களில் நடத்துநர்கள் ஒருவரையொருவர் விரட்டுவதில்லை. ஓட்டுநர்கள் ஹாரனைத் தொடுவதில்லை. முக்கால் மணிநேரப் பயணம் இரண்டு மணிநேரமானாலும் யாரும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை. ஊரில் பலரும் ஓர் ஆண்டாவது அதே சாலையில் நடந்தவர்கள்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்து வண்டிகள் ஷெட்டில் மாதக்கணக்கில் நின்றன. வரி விழாமல் இருப்பதற்காக, வண்டிகளை ஓட்டாமல் நிறுத்துவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, பேட்டரிகளைக் கழற்றி வைத்தார்கள். ஓட்டுநர்களில் ஒருவர் தேங்காய் லாரிக்குப் போய்விட்டார், ஒரு நடத்துநர் மில் வேலைக்குப் போய்த் திரும்பவேயில்லை. மீண்டும் ஓடத் தொடங்கியபோது முதல் சில மாதங்கள் பாதி இருக்கைகூட நிறையவில்லை. கையிருப்புத் தொகை உள்ள பெரிய நிறுவனமாக இருந்தால் தாக்குப்பிடிப்பது எளிது. இவர்கள் ஒரு வண்டியை விற்றுத்தான் மற்றவற்றின் தவணையைக் கட்டினார்கள். அதற்குப் பதிலாக வாங்கிய வண்டி வந்து சேர இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இப்போது கிழிக்கும் சீட்டுக்குப் பதில் கைக்கருவிச் சீட்டு வந்திருக்கிறது, கியூ.ஆர். அட்டையும் நடத்துநரின் பையில் இருக்கிறது, ஆனால் நெரிசலில் அதை எடுத்துக் காட்ட அவர் விரும்புவதில்லை. சரியான சில்லறையோடு ஏறுவதே நல்லது. முதலாளியின் பிள்ளைகள் இருவரும் வெளியூரில் வேறு வேலையில் இருக்கிறார்கள். மூன்று பர்மிட்டுகளில் ஒன்றைக் கைமாற்றுவதற்குப் பேச்சு நடப்பதாக அவரே சொன்னார். ஆணையத்தின் ஒப்புதல் கிடைத்தால், இரவு பழனியிலிருந்து உடுமலை திரும்பும் கடைசி நடை வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போகும். நேரம் பர்மிட்டோடு சேர்ந்தே போகும் என்றாலும், மருந்துப் பொட்டலம் வாங்கிக்கொள்ளும் நடத்துநர் சேர்ந்து போவாரா என்பது எனக்குக் கவலையாகவே இருக்கிறது. அந்த இரவு நடையை நம்பியிருப்பவர்கள், மாற்றம் முடிவாகும் வரை, காலையில் போகும்போதே நடத்துநரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.