செகண்ட் லைஃபில் ஸ்பானிஷ் வகுப்பு: தக்காளிக் கடை வரைக்கும் பிரமாதம்

செகண்ட் லைஃப் இன்னும் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது. தெரியாதவர்களுக்கு: அது இணையத்தில் ஓடும் மெய்நிகர் உலகம், நமக்குப் பதிலாக ஒரு பொம்மை அதற்குள் நடக்கும், பேசும். 2003-இல் தொடங்கியது, 2007-இல் குரலில் பேசும் வசதி வந்தது, மொழி படிக்கிறவர்களுக்கு அதுதான் முக்கியம். மெய்நிகர் கண்ணாடி எதையும் தலையில் மாட்ட வேண்டியதில்லை, கணினியும் மைக் உள்ள ஹெட்போனும் போதும். அதற்குள் நடக்கும் பன்னிரண்டு வார ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்து இப்போதுதான் முடித்தேன். நடத்துகிறவர்கள் பெயரைச் சொல்லப்போவதில்லை, திட்டவும் வேண்டியிருக்கிறது.

முதலில் நல்லது. நான்காவது வாரம் சந்தைக்குக் கூட்டிப் போனார்கள். ஆசிரியை ஸ்பெயின்காரர், அன்றைக்குக் காய்கறிக்காரி வேஷம். நான் நேராகக் கடை முன்னால் போய் நின்று, மனப்பாடம் செய்த "கியெரோ தொமாத்தெஸ்" என்று ஆரம்பித்தால், பின்னால் இருந்த பொம்மைகள் எல்லாம் கத்துகின்றன. ஸ்பெயினில் சந்தைக் கடைகளில் நம்மூர் ரேஷன் கடை மாதிரி வரிசை கட்டி நிற்பது குறைவாம், வந்ததும் "கியென் எஸ் எல் உல்திமோ?", அதாவது கடைசி ஆள் யார் என்று கேட்டு, அவருக்கு அப்புறம் நாம் என்று நினைவில் வைத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். இது புத்தகத்தில் இருந்திருந்தால் ஒரு வரியாகப் படித்துவிட்டு மறந்திருப்பேன். அப்புறம் "கியெரோ", வேண்டும் என்பது, தப்பில்லைதான், ஆனால் கடையில் "மே போனே மேதியோ கிலோ" என்பார்களாம். போனேர் என்றால் போடுவது, வைப்பது. அட, நாமும் "அரை கிலோ போடுங்க" என்றுதானே கேட்கிறோம்! போனே என்றால் போடுங்க, போனெஸ் என்றால் போடு, நீ–நீங்க வித்தியாசமும் அப்படியே.

இன்னொன்று வெட்கம். வீடியோ வகுப்பில் என் முகத்தை நானே பார்த்துக்கொண்டு பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இங்கே தப்பாகப் பேசுவது சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பொம்மை, எனக்கென்ன. பெரோ என்றால் 'ஆனால்', பெறோ என்றால் நாய், அந்த ற-வை அடித்துச் சொல்ல எங்கள் நாகர்கோவில் பாட்டியை நினைத்துக்கொண்டேன், வந்துவிட்டது.

சரி, திட்டு. பன்னிரண்டு வாரத்தில் இப்படி வெளியே போனது நான்கே நாள். மீதி நாளெல்லாம் கோட்டை மாதிரி ஒரு கட்டடத்துக்குள் உட்காரவைத்து, சுவரில் பவர்பாயின்ட். மெய்நிகர் உலகத்துக்குள் போய் மெய்நிகர் பெஞ்சில் உட்கார்ந்து வினைச்சொல் அட்டவணை பார்ப்பதற்கு நான் ஏன் லேப்டாப் விசிறி ஹெலிகாப்டர் மாதிரி கத்துவதைக் கேட்க வேண்டும்? முதல் வகுப்பு முழுக்க பொம்மைக்குச் சட்டை மாற்றவும் நடக்கவுமே போய்விட்டது, அதையும் காசு வாங்கிய கணக்கில்தான் சேர்த்தார்கள். ஃபிளமெங்கோ நடன மேடை, காளை சிலை, ஆரஞ்சு மரம் எல்லாம் வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்து ஒரு கலாசாரமும் வரவில்லை. வந்ததெல்லாம் ஆளிடம் பேசினதில்தான். ஒரு நாள் "கொஹெர் எல் அவுத்தோபூஸ்", பஸ் பிடிப்பது, சொல்லிக்கொண்டிருந்தோம், அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த மெக்சிகோக்காரர் ஒருவர் சிரித்தே செத்தார். ஸ்பெயினில் சாதாரண வார்த்தை, அவர் ஊரில் கெட்ட வார்த்தை, அங்கே "தொமார்" என்று சொல்லணுமாம். வகுப்புக்கு வராத அந்த மனிதர்தான் அன்றைக்குப் பாடம் எடுத்தார்.

சேரப்போகிறவர்கள் பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: எத்தனை வகுப்பு வெளியே, எத்தனை சுவருக்கு முன்னால்? பாதிக்கு மேல் வெளியே என்றால் கட்டலாம். அடிப்படை இலக்கணம் துளிகூடத் தெரியாதவர்கள் இதில் ஆரம்பிக்க வேண்டாம். நேரமும் பாருங்கள். மாட்ரிட்டில் மாலை 5 மணி வகுப்பு நமக்கு இரவு 8.30, அக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் 9.30 ஆகிவிடும். நான் இப்போது ஸ்பெயின்காரர்கள் மாதிரியே பத்தரை மணிக்குத்தான் சாப்பிடுகிறேன்.