ஃப்ருலானியாவா, கோலோலெஜூனியாவா? எதில் தொடங்கலாம்?

மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளில் இலை லிவர்வொர்ட் (பாசி மாதிரிப் படரும், பூக்காத குட்டிச் செடிகள்) தேடுகிறவர்களுக்கு, அதன் இந்த இரண்டு பேரினங்களில் எதை முதலில் பார்ப்பது என்ற குழப்பம் வரும்.

இடம்: ஃப்ருலானியா மரப்பட்டையில் படரும். கோலோலெஜூனியா பெரும்பாலும் உயிருள்ள இலைகளின் மேலேயே ஒட்டி வளரும்.

உருவம்: ஃப்ருலானியா செம்பழுப்பு, வெறுங்கண்ணுக்கே தெரியும். 10 மடங்கு லென்ஸில் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: ஒவ்வொரு இலைக்கும் கீழே கவிழ்த்த தொப்பி மாதிரி ஒரு குட்டிப் பை. அதில் தண்ணீர் தேங்கும். சமயத்தில் ரோட்டிஃபர்கள்கூட (கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய நீர்வாழ் விலங்குகள்) குடியிருக்கும். அவ்வளவு அழகு! தண்டின் அடிப்பக்க நடுவில், நுனி பிளந்த அடியிலைகள் (குட்டி இலைகள்) வரிசையாக இருக்கும். கோலோலெஜூனியாவில் அடியிலைகள் கிடையாது. செடியும் மிகப் பொடிசு, மைக்ரோஸ்கோப் வேண்டும்.

வறட்சி: ஃப்ருலானியா காய்ந்து சுருங்கினாலும் மழை பட்டதும் விரியும். இலைமேல் வாழும் கோலோலெஜூனியாவுக்கு விடாத ஈரம் தேவை.

புதியவர்களுக்கு ஃப்ருலானியாதான் சரி. சிலருக்குத் தொட்டால் தோல் அரிக்கும், கையுறை போடுங்கள். மைக்ரோஸ்கோப்பும் பொறுமையும் இருந்தால் கோலோலெஜூனியா.