எலும்பு மாத்திரையைப் பற்றிக் கேட்டவர் ஒருவர்தான்

மெல்பர்னிலிருந்து ஐந்து வார விடுப்பில் காங்கேயத்துக்கு வந்திருந்தேன். அதில் பாதிக்கு மேல் அம்மாவின் பற்களுக்காகவே செலவாயிற்று. 71 வயதாகும் அவருக்குக் கீழ்வரிசையில் ஒரு பல்லும் இல்லை. முன்பு செய்த பல் செட், தாடையெலும்பு கரைந்து ஈறு தாழ்ந்துவிட்டதால், பேசும்போதே எழும்பி வரும். விருந்துக்குப் போனால் அதைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, ஒப்புட்டை மட்டும் பிட்டுத் தின்றுவிட்டு வந்துவிடுவார்.

முதலில் சென்றது ஈரோட்டில் ஒரு பல் மருத்துவமனைக்கு. சொன்ன நேரத்துக்குள் அழைத்தார்கள், இடமும் படுசுத்தம். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கென்றே அச்சடித்த அட்டையில், ஆறு இம்பிளான்ட் (பல்லுக்கு வேர்போலத் தாடையெலும்பில் பதிக்கும் திருகு), மூன்றே நாளில் நிலையான பல் என்று இருந்தது. நிரப்பக் கொடுத்த படிவம் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றைக் கேட்டதே தவிர, எலும்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உடனடியாகப் பல் பொருத்துவது ஏமாற்று வேலையன்று. எலும்பில் இம்பிளான்ட் உறுதியாகப் பிடித்தால் செய்யக்கூடியதே. ஆனால் யாருக்குச் செய்கிறோம் என்று பார்க்காமல் முன்பணம் கேட்டது எனக்கு உறுத்தியது.

அடுத்த வாரம் கோவையில் பார்த்த பெண் மருத்துவர், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே, எலும்புக்கு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டார். அம்மா இல்லை என்று தலையாட்டினார். கை, இடுப்பு எங்காவது முறிந்ததுண்டா என்று மருத்துவர் விடாமல் கேட்ட பிறகே விஷயம் வெளியே வந்தது.

“அஞ்சு வருசத்துக்கு முந்தி மணிக்கட்டு ஒடைஞ்சுதுங்க. அப்பறம் ஞாயித்துக்கெழமை வெறும் வயித்துல ஒண்ணு போட்டுட்டு, அரை மணி நேரம் படுக்காம உக்காந்திருப்பேன். அதையும் மாத்திரைக் கணக்குல சேத்தோணுமா அம்மிணி?”

அது அலென்ட்ரோனேட், எலும்பு மெலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரைக்குத் தரும் மாத்திரை, வாரம் ஒன்று, 70 மில்லிகிராம். சத்து மாத்திரை என்றே இத்தனை நாளும் அம்மா நினைத்திருந்தார். மகனான எனக்கும் தெரியாது.

எலும்புப்புரை இருப்பதாலேயே இம்பிளான்ட் கூடாது என்பதில்லை, கவனிக்க வேண்டியது மருந்தைத்தான் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இவ்வகை மருந்துகள் எலும்பு கரைவதைத் தடுக்கின்றன. பழையது கரைந்து புதியது உருவாகும் சுழற்சியும் அதனால் மந்தமாகிறது. எனவே பல் பிடுங்கிய இடமோ துளையிட்ட இடமோ ஆறாமல், தாடையெலும்பு செத்து வெளியே தெரியும் நிலை சிலருக்கு வருகிறது. 2003ஆம் ஆண்டிலிருந்துதான் மருத்துவ இதழ்கள் இதை எழுதத் தொடங்கின. புற்றுநோய்க்காக அதிக அளவில் ஊசியாகப் பெறுபவர்களுக்கே ஆபத்து பெரிது. அம்மாவைப் போல் வாய்வழி மாத்திரை எடுப்பவர்களுக்கு மிகக் குறைவு, ஆனால் ஆண்டுகள் கூடக்கூட அதுவும் கூடும். எலும்புப்புரைக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் என்ற ஊசி போடுபவர்கள், பல்லுக்காக அதைத் தாங்களாகவே நிறுத்திவிட்டால் முதுகெலும்பு முறியும் அபாயம் உண்டு என்பதையும் அழுத்திச் சொன்னார். எங்கள் பெரியம்மா அந்த ஊசிதான் போடுகிறார். அன்று மாலையே தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.

தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆறு வேண்டாம், கீழ்த்தாடையின் முன்பகுதியில் இரண்டு போதும், செட்டை அவற்றின் மேல் சொடுக்கி மாட்டிக்கொள்ளலாம் என்றார். அங்கேதான் எலும்பு கெட்டியாக இருக்கும், கீழுதட்டுக்குப் போகும் நரம்பும் குறுக்கே வராது. மாத்திரை கொடுத்த எலும்பு மருத்துவரிடம் கடிதம் வாங்கி வரச் சொல்லி, அது கைக்கு வந்த பிறகே நாள் குறித்தார். இந்த அலைச்சலில் என் விடுப்பில் ஒன்பது நாள் போயிற்று, அதில் எனக்கு வருத்தமில்லை.

ஓர் இம்பிளான்டுக்கு 35,000 ரூபாய் ஆயிற்று. இம்பிளான்டின் நிறுவனப் பெயர், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நாளைக்கு வேறு ஊரில் பழுது பார்க்க நேர்ந்தால் அது இல்லாமல் எந்த மருத்துவரும் திணறுவார். இம்பிளான்ட் பதித்த பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். அதுவரை அரிசிம்பருப்புச் சாதத்தைக் குழையக் குழைய வேகவைத்து உண்டார் அம்மா. எலும்பு இம்பிளான்டோடு ஒட்ட நான்கு மாதமாவது பொறுக்க வேண்டுமாம். செட்டை மாட்டும் நாளுக்கு நான் இருக்கமாட்டேன். தங்கை திருப்பூரிலிருந்து வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு.