லீட் யார் கையில்? காரைக்குடிப் பக்கத்து நாய்களுக்கு ஹேண்ட்லர் சேவை ஒரு மதிப்பீடு

நாய்க் கண்காட்சியில் நாயைப் பிடித்து ஓட்டி நடுவருக்குக் காட்டுபவர் ஹேண்ட்லர். அந்த வேலையைக் கூலிக்கு ஒருவரிடம் கொடுப்பதா, உரிமையாளரே செய்வதா என்பதுதான் கேள்வி. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீட்டில் இருப்பது ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை போன்ற நாட்டு இனம் என்றால் கண்காட்சி ரிங்கில் (நடுவர் நாய்களைப் பார்க்கும் களத்தில்) உரிமையாளரே லீட்டை, அதாவது கழுத்துக் கயிற்றை, பிடிக்கட்டும். ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், காக்கர் ஸ்பேனியல் என்றால் நல்ல ஹேண்ட்லருக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது. கண்காட்சி அன்று காலையில்தான் நாயை முதன்முதலாகப் பார்க்கும் ஹேண்ட்லரிடம் லீட்டைக் கொடுப்பது மட்டும் எந்த இனத்துக்கும் வேண்டாம்.

ஹேண்ட்லர் சேவை மூன்று விதமாகக் கிடைக்கிறது. ரிங்கில் மட்டும் பிடித்து ஓடுவது ஒன்று. சில வாரம் முன்னதாகவே நாயைத் தன் இடத்தில் வைத்துப் பழக்கி, பிறகு காட்டுவது இரண்டாவது. சீசன் முழுக்க ஊர் ஊராகக் கொண்டுபோவது மூன்றாவது. கட்டணம் விசாரிக்கும்போது ஒரே தொகையாகக் கேட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு கண்காட்சிக்கான கூலி, ஒரு நாள் தங்கும் செலவு, வண்டிச் செலவில் நம் பங்கு, க்ரூப்பிலோ (ஒரே வகை இனங்கள் மோதும் சுற்று) பெஸ்ட் இன் ஷோவிலோ (இறுதிச் சுற்று) இடம் வந்தால் தனியாகக் கொடுப்பது, இந்த நான்கையும் பிரித்துக் கேளுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் கடைசி இரண்டில்தான். நாலு நாய் ஏறின வண்டியின் முழு டீசல் செலவும் ஒரே நாயின் கணக்கில் விழுந்துவிடும்.

அவர் என்னதான் செய்கிறார் என்று தெரிந்தால்தான் அந்தக் கூலி நியாயமா என்று எடை போட முடியும். ஒரு நாய்க்கு நடுவர் தரும் நேரம் சில நிமிடம்தான். அதற்குள் நாய் ஸ்டாக்கில் (நாலு காலையும் சரியாக ஊன்றி அசையாத நிலையில்) நிற்க வேண்டும், பல்லைக் காட்ட வேண்டும், உடம்பைத் தொட விட வேண்டும், நேர்கோட்டிலும் முக்கோணமாகவும் ஓடிக் காட்ட வேண்டும். ஆண் நாய்க்கு இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா என்று நடுவர் கைவைத்துப் பார்ப்பார். அங்கே துள்ளுகிற நாய் அங்கேயே கெட்டது.

ஸ்டாக் வைப்பதில் புதியவர்கள் செய்யும் தவறு, பாதத்தைப் பிடித்து நகர்த்துவது. பாதத்தைத் தொட்டதும் நாய் காலை இழுத்துக்கொள்ளும். முன்காலை முழங்கைப் பக்கம் பிடித்துத் தூக்கி, தோளுக்கு நேர்கீழே இறக்க வேண்டும். பின்காலில் குதிமூட்டிலிருந்து பாதம் வரையுள்ள துண்டு தரைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அதைவிடப் பின்னால் இழுத்து வைத்தால் முதுகு சரிந்து தெரியும். உள்ளே தள்ளி வைத்தால் முதுகு கூன் போட்டதுபோல எழும்பும். கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் இயல்பாகவே இடுப்புக்கு மேல் மெல்லிய வளைவு உண்டு. அதைத் தட்டையாக்க வேண்டும் என்று முதுகை அமுக்கும் ஹேண்ட்லரைப் பார்த்தால் லீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கு ஷெப்பர்ட் தெரியும், நம் நாய் தெரியாது.

ஓட்டம்தான் அனுபவசாலியின் உண்மையான வேலை. முன் இடது காலோடு பின் வலது கால் சேர்ந்து விழுகிற சீரான ஓட்டம் வேண்டும். ஒட்டகம் போல ஒரே பக்கத்து இரண்டு காலும் சேர்ந்து விழுந்தால் நாய் இடமும் வலமுமாக ஆடும், முன்னங்கால் எட்டிப் போடுவது தெரியாது. மெதுவாக ஆரம்பித்தாலும் நாய் களைத்திருந்தாலும் இது வரும். லீட்டை லேசாக உயர்த்தி, சின்ன வட்டம் அடித்து, அடுத்த அடியிலேயே வேகம் கூட்டினால் சரியாகும். லீட்டை இறுக்கினால் வேறு கெடுதல்: முன்பாரம் தூக்கப்பட்டு பாதம் தரையைத் தட்டித் தட்டிப் போகும், தோள் சரியில்லாத நாய் என்று நடுவர் நினைப்பார். லீட் காதுக்குப் பின்னால், தொண்டையின் மேல்பகுதியில் உட்கார வேண்டும். நாய் எப்போதும் நமக்கும் நடுவருக்கும் நடுவில் வர வேண்டும். அதனால்தான் இடது பக்கம் ஓட்டிப் பழக்குகிறோம்.

இதெல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியதுதான். தினம் இரண்டு வேளை, ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், மூன்று மாதம் போதும். முதல் இரண்டு வாரம் நிற்பது மட்டும்: மூன்று வினாடியில் ஆரம்பித்து ஒரு நிமிடம் வரை. அடுத்து உதட்டைத் தூக்கிப் பல் பார்ப்பது. முதலில் மேல், கீழ் முன்பற்கள் சேரும் பிடி, பிறகு இரண்டு பக்கமும். அதற்குப் பிறகு நாய்க்குப் பழக்கமில்லாத ஆட்களை அழைத்துத் தொடச் சொல்லுங்கள். வேட்டி கட்டியவர், தொப்பி போட்டவர், கண்ணாடி அணிந்தவர், பெண்கள், எல்லோரும் வர வேண்டும். வீட்டு ஆட்களை மட்டுமே அறிந்த நாய் நடுவரின் தொப்பியைப் பார்த்தே பின்வாங்கும்.

நாட்டு இனங்களுக்கு ஏன் சொந்தக் கை என்கிறோம் என்றால், அவை ஒரு வீட்டுக்கு, பல சமயம் ஒரே ஆளுக்குக் கட்டுப்பட்டவை. வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்தெடுத்த குணம் அது. ராஜபாளையம் அந்நியரின் கையில் விறைத்து நிற்கும், சில நாய் உறுமும். கன்னி வாலைக் கவட்டுக்குள் செருகிக்கொண்டு முதுகை வளைத்துவிடும். எவ்வளவு நல்ல எலும்பு இருந்தாலும் அந்த நிலையில் தெரியாது. ராஜபாளையத்துக்கு 2005இல் தபால்தலை வந்தது, தேசிய விலங்கின மரபு வளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. இந்த மதிப்புக்குத் தக்க நாய்கள் ரிங்கில் பயந்து ஒடுங்கி நிற்பதைப் பார்க்க மனம் பொறுக்காது. இன்னொன்று: வெள்ளை ராஜபாளையத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. அப்படிப்பட்ட நாய் முழுக்கக் கைச் சைகையில்தான் நடக்கும். அந்தச் சைகையைப் புது ஆள் நாலு நாளில் கற்க முடியாது.

செட்டிநாட்டு வீட்டுக்கென்று சில கவனங்கள் உண்டு. ஆத்தங்குடிக் கல் பதித்த தளம் கண்ணுக்கு அழகு, வளரும் நாய்க்குட்டிக்குக் கெடுதல். வழுக்காமல் இருக்கக் குட்டி விரலை விரித்து, முழங்கையை வெளியே தள்ளி நடக்கப் பழகும்; பிறகு ரிங்கில் முன்னங்கால் தளர்ந்தாற்போல் தெரியும். குட்டி நடமாடும் வழியில் சாக்கோ கயிற்றுப்பாயோ விரியுங்கள். ஸ்டாக் பழக்குவதும் பாய் மேல்தான். வளவின் (நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தின்) நீளம் பார்த்து அங்கேயே ஓட்டிப் பழக்க ஆசை வரும். வேண்டாம். வழுக்கும் தளத்தில் நாய் அடியைச் சுருக்கிக்கொள்ளும்.

ஓட்டத்துக்கு ஊருணிக் கரை சிறந்த இடம். மண் இறுகியிருக்கும், நீண்ட நேர்கோடு கிடைக்கும். விடிவதற்குள் முடித்துவிடுங்கள். ஒன்றரை வயதுக்கு மேற்பட்ட நாயைச் சைக்கிளோடு பத்து நிமிடத்தில் ஆரம்பித்து, வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டி, அரைமணியில் நிறுத்துங்கள். சரளை கிடக்கும் இடத்தைத் தவிருங்கள். உள்ளங்காலின் தோல் தேய்ந்தால் ஆறப் பல நாள் ஆகும், நொண்டுகிற நாயை நடுவர் ரிங்கை விட்டே வெளியே அனுப்பிவிடுவார். நம்மூர்ச் செம்மண் வெள்ளை ரோமத்தில் ஏறினால் ஈரத்தோடு தேய்க்கக் கூடாது, கறை ஆழமாக இறங்கும். காயவிட்டு, பிரஷ்ஷால் உதறி, பிறகு குளிப்பாட்டுங்கள். கண்காட்சிக்கு முந்தின வாரம் நாயைச் செம்மண் பக்கமே விடாமல் இருப்பது இன்னும் நல்லது.

பேட் எனப்படும் கைத்தீனியை வீட்டிலேயே செய்யலாம். கால் கிலோ கோழி ஈரலை வெறும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் வேகவைத்து, வடித்து, துணியில் ஒற்றி, எண்ணெய் விடாத தோசைக்கல்லில் சிறு தீயில் மேல்பக்கம் காயும்வரை புரட்டுங்கள். ஆறினபின் புளியங்கொட்டை அளவாக நறுக்குங்கள். உப்பு, மசாலா எதுவும் கூடாது. சமையலறையில் மீந்த ஈரல் வறுவலை எடுத்துப் போகவே போகாதீர்கள்; வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைப்பவை. கையில் பிசுபிசுக்காத அளவு காய்ந்திருந்தால்தான் லீட் வழுக்காது. நடுவர் பல் பார்க்க வரும்போது நாயின் வாயில் தீனி இருக்கக் கூடாது. இந்த ஒரு விதியைப் புதியவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

இனி ஹேண்ட்லர் ஜெயிக்கும் இடங்கள். ஜெர்மன் ஷெப்பர்டுக்கென்றே நடக்கும் கண்காட்சிகளில் ஓட்டம் நீளமானது. மூச்சு வாங்காமல் சுற்றிச் சுற்றி ஓடக்கூடிய கால் வேண்டும். உரிமையாளருக்கு ஐம்பது தாண்டியிருந்தால் நாயின் ஓட்டம் அவருடைய மூச்சோடு முடிந்துவிடும். காக்கர், பூடில் போன்றவற்றில் ரோமம் வெட்டுவதே பாதி வேலை, அதைச் சலூன் வெட்டு ஈடுசெய்யாது. பதற்றப்படும் உரிமையாளர்களுக்கும் ஹேண்ட்லர் தேவை. கை நடுங்கினால் லீட் வழியாக அது நாய்க்குப் போய்ச் சேரும். சாம்பியன் பட்டத்துக்காகச் சேலஞ்ச் சர்டிபிகேட் எனும் வெற்றிச் சான்றுகளைச் சேர்க்க வேண்டியவர்கள் வெவ்வேறு நடுவர்களிடம் நாயைக் காட்டியாக வேண்டும். வேலையை விட்டுவிட்டு ஒவ்வொரு ஊருக்கும் போக எல்லோராலும் முடியாது. ஹேண்ட்லரிடம் கொடுத்துவிட்டுப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் நாயின் கண்ணிலும் காற்றடிக்கும் திசையிலும் படாமல் நில்லுங்கள். ரிங்குக்கு வெளியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவது முறையுமல்ல, நாய் நம்மைத் தேடித் திரும்பி வரிசையையும் கெடுக்கும்.

நல்ல ஹேண்ட்லர்கள் பெரும்பாலும் சென்னை, கோவை, பெங்களூரில் இருக்கிறார்கள். எனவே காரைக்குடிக்காரர்களுக்கு இது கூலிக் கணக்கு மட்டுமல்ல, நாயைப் பிரிந்திருக்கும் கணக்கும்கூட. அனுப்பும் முன் அவர் இடத்துக்குச் சொல்லாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள். தரையில் மூத்திர நெடி அடிக்கிறதா, தண்ணீர்ப் பாத்திரம் நிறைந்திருக்கிறதா, கூண்டுக்குள் நாய் எழுந்து திரும்ப முடிகிறதா, மற்ற நாய்களின் காதுக்குள் உண்ணி இருக்கிறதா. உண்ணிக் காய்ச்சலும் கூண்டு இருமலும் இப்படிப்பட்ட பொதுத் தங்குமிடங்களில் எளிதாக ஒட்டிக்கொள்ளும். வெறிநோய்த் தடுப்பூசியும் நைன் இன் ஒன் எனும் கூட்டுத் தடுப்பூசியும் போட்ட அட்டையைக் கேட்காமல் நாயைச் சேர்த்துக்கொள்ளும் ஹேண்ட்லர் மற்ற நாய்களையும் அப்படித்தான் சேர்த்திருப்பார்.

எழுத்தில் வாங்க வேண்டியவை சில. நோய் வந்தால் எந்த மருத்துவரிடம் போவது, எவ்வளவு செலவுவரை நம்மைக் கேட்காமல் செய்யலாம். ரிங்கில் அவரே பிடிப்பாரா, உதவியாளரா. அவரிடம் இருக்கும் இரண்டு நாய்கள் ஒரே க்ரூப்பில் வந்து நின்றால் எதை அவர் எடுப்பார். இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். சீசனில் ஒரே ஹேண்ட்லர் பல நாய்களைக் கொண்டுவருவார். முக்கியமான சுற்றில் நம் நாய் முன்பின் பழகாத பையன் கையில் நிற்கும்.

காகித வேலை யார் பிடித்தாலும் நம்முடையது. இந்தியக் கென்னல் கிளப் சான்றிதழில் உரிமை மாற்றம் முடிந்திருக்க வேண்டும், மைக்ரோசிப் எண் நுழைவுப் படிவத்தோடு ஒத்துப்போக வேண்டும். குட்டியை விற்றவரின் பெயரிலேயே சான்றிதழ் கிடந்தால் நுழைவுத் தேதி நெருங்கும்போது ஒன்றும் செய்ய முடியாது.

பயணத்துக்கு ரயிலை நம்ப வேண்டாம். நாயோடு ஒரே பெட்டியில் போக முதல் வகுப்பில் முழு அறையையும் எடுக்க வேண்டும். சேர் கார், ஸ்லீப்பர், இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏசி எதிலும் அனுமதி இல்லை. மிஞ்சுவது கார்டு வேனில் இருக்கும் நாய்ப்பெட்டி. பல்லவன் ரயிலில் பகல் வெயிலில் சென்னை வரை அந்தப் பெட்டிக்குள் ஒரு நாயை வைப்பது கொடுமை. இரவில் கிளம்பி காரில் போங்கள், கூண்டில் ஈரத்துணி விரியுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி நடத்துங்கள், வழக்கமாகக் குடிக்கும் தண்ணீரையே எடுத்துப் போங்கள். ஆழ்ந்த மார்புள்ள இனங்களுக்குப் பயணத்துக்கு முன் வயிறு நிறையச் சோறு போடாதீர்கள், வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. உடம்புச் சூடு 40.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வயிற்றிலும் உள்ளங்காலிலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். ஊட்டியில் மே மாதம் நடக்கும் கண்காட்சிக்கு நம்மூரிலிருந்து போகிறவர்கள் ஒருநாள் முன்னதாகவே மேலே போய்விட்டால் நாய் குளிருக்குப் பழகும்.

காசுக்கு அதிக மதிப்பு தருவதாக நாங்கள் நினைப்பது நான்காவது வழி. அதை ஹேண்ட்லர்கள் தாமாகச் சொல்வதில்லை. நாயை அனுப்பாமல், நாயோடு நீங்களே இரண்டு நாள் அவரிடம் போய்ப் படிப்பது. நாள் கூலியைக் கொடுத்து, முதல் நாள் அவர் பிடிக்க நீங்கள் பாருங்கள், இரண்டாம் நாள் நீங்கள் பிடிக்க அவர் திருத்தட்டும். உங்கள் ஓட்டத்தைப் பக்கவாட்டிலிருந்து நாயின் முழங்கால் உயரத்தில் செல்போனில் எடுக்கச் சொல்லுங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்த படத்தில் அடி எங்கே விழுகிறது என்றே தெரியாது. ஊர் திரும்பியதும் மாதம் ஒருமுறை அதே ஊருணிக் கரையில், அதே உயரத்தில் படம் எடுத்து அவருக்கு அனுப்பிக் கேளுங்கள்.