ஜூக்பாக்ஸுக்கான வால்யூம் கண்ட்ரோல் கிட்: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

வீட்டுக்கோ கடைக்கோ சொந்தமாக ஒரு டிஜிட்டல் ஜூக்பாக்ஸ் செய்ய எண்ணி, அதற்கான ஒலியளவுக் கட்டுப்பாட்டுப் போர்டை இணையத்தில் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரே விற்பனையாளரிடம் இரண்டு முறை பணம் கொடுத்து, இரண்டு முறையும் ஏமாந்திருக்கிறேன். இடையில் ஒரு நல்ல ஸ்பீக்கரும் எரிந்துபோனது. அந்த விற்பனையாளர் இன்னமும் அதே பொருளை விற்றுக்கொண்டிருப்பதால்தான் நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

திண்டுக்கல்லில் என் தாய்மாமா சிற்றுண்டிக் கடை நடத்துகிறார். தாத்தா காலத்துத் தேக்கு ரேடியோகிராம் பெட்டி ஒன்று பரணில் கிடந்தது. அதைத் துடைத்து மெருகேற்றி, உள்ளே ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினிப் போர்டை வைத்து, முகப்பில் தொடுதிரை பொருத்தி, சாப்பிட வருகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த பழைய பாட்டைத் தாங்களே தேர்ந்தெடுக்கும்படி செய்து தர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பெட்டி ஹாலின் கோடியில், கை கழுவும் இடத்தை ஒட்டி இருக்கிறது. மாமா உட்காரும் கல்லாவோ வாசலருகே, முப்பது அடி தள்ளி இருக்கிறது. பாட்டை யார் வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் சத்தம் மட்டும் கல்லாவில் இருப்பவர் கையில் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னது முற்றிலும் நியாயமான தேவை. அமெரிக்க மதுக்கூடங்களின் பழைய ஜூக்பாக்ஸ்களிலும் இதே ஏற்பாடுதான் இருந்தது. கல்லாவுக்குப் பின்னால் வயரில் இணைத்த ஒரு சிறு பெட்டியில் ஒலியளவுத் திருகும், ஓடுகிற பாட்டைத் தள்ளிவிடும் பொத்தானும் இருக்கும்.

பை 4-இல் உள்ள ஹெட்போன் துளையிலிருந்து வரும் ஒலி, தனி டிஏசி ஐசி (டிஜிட்டல் தரவை ஒலி சிக்னலாக மாற்றும் சில்லு) இல்லாமல், மின்துடிப்புகளின் அகலத்தை மாற்றும் துடிப்பகல முறையில் உண்டாக்கப்படுவதால் தரத்தில் குறைந்தது. பை 5-இலோ அந்தத் துளையே கிடையாது. ஆகவே தனியாக ஒரு டிஏசி போர்டு வாங்கியாக வேண்டும். சந்தையில் பரவலாகக் கிடைப்பவை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் இரண்டு ஐசிகளைக் கொண்ட போர்டுகள்: ஒன்று பிசிஎம்5102ஏ, மற்றது பிசிஎம்5122. இரண்டுமே 2.1 வோல்ட் வெளியீடு தருபவை, கேட்பதற்கும் இரண்டும் நன்றாகவே இருக்கும். வேறுபாடு ஒலியளவில்தான் இருக்கிறது. 5122-க்குள்ளேயே அரை டெசிபெல் படிகளில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் வசதி உண்டு, அதை ஐ2சி (ஐசிகளுக்குக் கட்டளை அனுப்பும் இரண்டு கம்பி இணைப்பு) வழியாகக் கட்டளையிட்டு இயக்கலாம். 5102ஏ-வில் அப்படி எதுவுமே இல்லை. வந்த ஒலியை வந்தபடி வெளியே அனுப்பும், அவ்வளவுதான். இதனால் 5102ஏ போர்டு மிகவும் மலிவு. அது மோசமான ஐசி என்று நான் சொல்லவில்லை. அதை அதன் பெயரிலேயே விற்றிருந்தால் எனக்கு எந்தக் குறையும் இருந்திருக்காது.

நான் பார்த்த விளம்பரத்தில், ஜூக்பாக்ஸுக்கென்றே தயாரிக்கப்பட்ட கிட் என்றும், 5122 ஐசியால் ஒலியளவு முழுக்க வன்பொருளிலேயே கட்டுப்படுத்தப்படும் என்றும், மின்சாரம் போய்த் திரும்பினாலும் வைத்த அளவு மாறாது என்றும், பத்து மீட்டர் வயருடன் கல்லாவுக்கான திருகு சேர்த்துத் தரப்படும் என்றும் போட்டிருந்தது. மென்பொருள் ஏற்றிய மெமரி கார்டும் உண்டு. விலை 4,850 ரூபாய். எனக்குத் தேவையானதை அப்படியே யாரோ எழுதி வைத்ததுபோல இருந்ததால், மேற்கொண்டு ஒரு கேள்விகூடக் கேட்காமல் பணத்தை அனுப்பினேன்.

முதல் வாரம் பெட்டி நன்றாகவே பாடியது. இரண்டாவது வாரத்தில் மாமாவிடமிருந்து போன் வந்தது. "மாப்ளே, சட்னி அரைச்சா பாட்டு தானா கத்துதுடா, என்னன்னு வந்து பாரு" என்றார். போய் நின்று பார்த்தேன். சமையலறையில் மிக்ஸியைப் போட்டதும், யாரும் கை வைக்காமலே திரையில் இருந்த ஒலியளவுப் பட்டை இரண்டு மூன்று படி ஏறியது. மிக்ஸியை நிறுத்தியபோது இன்னும் ஒரு படி ஏறியது. திருகைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்தது ஒரு சாதாரண ரோட்டரி என்கோடர். ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு துடிப்பை அனுப்பும் இந்தப் பொருளிலிருந்து பை வரை, ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) இல்லாத வெறும் டெலிபோன் வயரைப் பத்து மீட்டருக்கு இழுத்திருக்கிறார்கள். என்கோடரின் ஒவ்வொரு இணைப்பிலும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 10 நானோ ஃபாரட் கெபாசிட்டரும் போட்டு இரைச்சலை வடிகட்டுவது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அதுகூட இல்லை. மிக்ஸியின் மோட்டார் எழுப்பும் மின்னிரைச்சலையெல்லாம் அந்த வயர் வாங்கி, யாரோ திருகைத் திருப்பியதாக பையிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

அதைச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே பெரிய அடி விழுந்தது. ஒரு நாள் விடியற்காலையில் மின்சாரம் போய், ஐந்தே முக்காலுக்குத் திரும்பி வந்தது. பை தானாக இயங்கத் தொடங்கி, முந்தைய வரிசையில் நின்றிருந்த பாட்டை உச்சபட்ச ஒலியில் பாடியது. முதல் காப்பிக்கு வந்து பெட்டியை ஒட்டியே உட்கார்ந்திருந்த எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் அதிர்ந்து எழுந்ததில், சூடான காப்பி அவர் கையில் கொட்டியது. மாமா ஓடிப் போய் ஸ்விட்சை அணைப்பதற்குள் எட்டு அங்குல ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் கருகி, ஹால் முழுக்கத் தீய்ந்த வார்னிஷ் வாசனை பரவிவிட்டது. அந்தப் பெரியவரிடம் மாமா மன்னிப்புக் கேட்டதைக் கேள்விப்பட்டபோது, பொறுப்பு என்னுடையது என்ற உறுத்தலில் எனக்கு அன்று வேலையே ஓடவில்லை.

மறுநாள் போர்டைக் கழற்றி மேசையில் வைத்து உட்கார்ந்தேன். ஐசியின் மேல், உற்பத்தியாளரின் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி அதில் 5122 என்று அச்சிட்டிருந்தது. கிட்டின் வரிசை எண் போலும் என்று முன்பு நினைத்து விட்டுவிட்டேன். நகத்தால் மெல்லப் பெயர்த்தபோது, கீழே உப்புத்தாள் போட்டுத் தேய்த்த சாம்பல் நிறக் கீறல்கள் மட்டும் தெரிந்தன; ஓர் எழுத்துகூட மிச்சம் இல்லை. செல்போன் கேமராவைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கால்களை எண்ணினேன். ஒரு பக்கத்துக்குப் பத்து, மொத்தம் இருபது. 5122-க்குப் பக்கத்துக்குப் பதினான்காக இருபத்தெட்டுக் கால்கள் இருக்க வேண்டும். இருபது கால் உள்ளது 5102ஏ. எழுத்தைத் தேய்க்கலாம், காலின் எண்ணிக்கையை யாராலும் மாற்ற முடியாது. ஆகவே இப்படிப்பட்ட போர்டை வாங்குகிறவர்கள், பணம் கட்டும் முன் ஐசியின் கால்கள் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். படம் அனுப்ப மறுத்தாலே நீங்கள் விலகிவிடலாம்.

அதோடு நிறுத்தாமல், புதிய கார்டில் அசல் மென்பொருளை ஏற்றி, ஐ2சியில் இணைந்திருக்கும் ஐசிகளின் முகவரிகளைக் கட்டமாகக் காட்டும் ஐ2சி டிடெக்ட் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். உண்மையான 5122 இருந்தால், போர்டின் அமைப்பைப் பொறுத்து 4சி முதல் 4எஃப் வரையிலான நான்கு முகவரிகளில் ஒன்று தெரிய வேண்டும். எனக்கு வந்த கட்டம் முழுக்கக் காலியாக இருந்தது. லினக்ஸின் ஒலியளவுத் திரையான ஆல்சா மிக்ஸரைத் திறந்தால், இந்தக் கருவியில் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்றது. அப்படியானால் அவர்கள் கொடுத்த கார்டில் மட்டும் ஒலியளவுப் பட்டை எங்கிருந்து வந்தது? அந்தக் கார்டின் ஒலி அமைப்புக் கோப்பைப் படித்தபோது விடை கிடைத்தது. மென்பொருளாலேயே ஒலியைக் குறைக்கும் சாஃப்ட்வால் என்ற வழியைப் போட்டு, அதற்கு 'டிஜிட்டல்' என்று பெயரும் வைத்திருந்தார்கள். உண்மையான 5122-இன் கட்டுப்பாட்டுக்கு லினக்ஸில் உள்ள பெயரும் இதேதான். சோதித்துப் பார்ப்பவரையும் ஏமாற்ற வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்த வேலை இது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மின்சாரம் வந்ததும் முழு ஒலியில் பாடியதற்கான காரணமும் அதே கார்டில்தான் இருந்தது. மின்வெட்டில் கோப்புகள் கெடாமல் இருப்பதற்காகக் கார்டில் எதையும் எழுத முடியாதபடி பூட்டியிருந்தார்கள். அந்தப் பூட்டு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன் விளைவாக, மாமா வைத்த ஒலியளவு எங்குமே சேமிக்கப்படாமல், ஒவ்வொரு முறை பை விழித்தெழும்போதும் சாஃப்ட்வால் தன் உச்ச அளவுக்கே திரும்பியது. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அசல் 5122-கூட மின்சாரம் போனால் அளவை நினைவில் வைத்திருக்காது; குறைப்பு ஏதுமில்லாத நிலையில்தான் விழிக்கும், பிறகு மென்பொருள்தான் பழைய அளவை எடுத்துத் தர வேண்டும். ஆகவே விளம்பரத்தில் சொன்ன "அளவு மாறாது" என்ற வாக்குறுதி, சரியான ஐசியே இருந்திருந்தாலும் அந்தக் கார்டில் பொய்யாகத்தான் இருந்திருக்கும்.

படங்களோடு விற்பனையாளருக்கு எழுதினேன். நான்கு நாள் கழித்து வந்த போனில் பேசியவர், "சார், நீங்க ஸ்டிக்கரைப் பிரிச்சுட்டீங்க, இனிமே வாரண்டி கிடையாது" என்றார். ஐசியை மறைத்து ஒட்டியதைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கடைசியில், என்கோடருக்குப் பதிலாக அனலாக் திருகு ஒன்று அனுப்புவதாகவும், ஆடியோவுக்கென்றே உள்ள லாக் வகை என்றும், 650 ரூபாய் மட்டும் கட்டினால் போதும் என்றும் சொன்னார். மாமாவின் கடையில் பெட்டி வாய் மூடிக் கிடந்த நேரம் அது. அந்த அவசரத்தில் நான் மறுபடியும் பணம் கட்டியது என் தவறு.

வந்த திருகில், அதாவது பொட்டென்ஷியோமீட்டரில், ஏ50கே என்று எழுதியிருந்தது; 50கே என்பது 50 கிலோ ஓம். ஆசிய நாட்டுத் தயாரிப்புகளில் ஏ என்றால் லாக் (ரெசிஸ்டன்ஸ் முதலில் மெல்லவும் பிறகு வேகமாகவும் ஏறும்), பி என்றால் லீனியர் (ஒரே வீதத்தில் ஏறும்). நம் காதுக்கு ஒலி சீராக ஏறுவதாகத் தோன்ற வேண்டுமானால் லாக் வகைதான் வேண்டும். திருகைச் சரிபாதியில் நிறுத்தி மல்டிமீட்டரை வைத்தால், லாக் வகையில் மொத்த ரெசிஸ்டன்ஸில் பத்து முதல் பதினைந்து சதவீதம், அதாவது 5 முதல் 7.5 கிலோ ஓம் வரை காட்ட வேண்டும். எனக்குக் காட்டியது 24.6. லீனியர் திருகின் மேல் ஏ என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அதை மாட்டியபோது, திருகு கால் சுற்று நகர்வதற்குள் ஹால் அதிர்ந்தது, மீதி முக்கால் சுற்றில் பெரிய மாற்றமே இல்லை. மல்டிமீட்டர் வைத்திருக்கும் யாரும் அரை நிமிடத்தில் செய்துவிடக்கூடிய சோதனை இது. கடையில் நேரில் வாங்கினால் கவுண்ட்டரிலேயே செய்துவிடுங்கள்.

இதற்குப் பிறகு எழுத்துப்பூர்வமாகவே எல்லாவற்றையும் நடத்தினேன். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இணைய விற்பனை நிறுவனம் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அவருக்கு அனுப்பிய புகாருக்குப் பதில் வராததால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் பதிவு செய்தேன். அதன் பிறகே கிட்டின் விலை திரும்பி வந்தது. திருகுக்கான 650 ரூபாயும் ஸ்பீக்கரின் விலையும் வரவில்லை. அவற்றுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். விற்பனையாளர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம், கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகள் வரை அவகாசமும் உண்டு. விளம்பரப் பக்கத்தை வாங்கிய அன்றே படமெடுத்து வைத்திருந்ததுதான் எனக்குக் கை கொடுத்தது. புகார் போன மறுநாளே அந்தப் பக்கத்தில் 5122 என்ற எண்ணை நீக்கிவிட்டார்கள்.

இப்போது பெட்டி பாடுகிறது. சென்னை ரிச்சி தெருவுக்கு நேரில் போய், மல்டிமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, பாதித் திருப்பில் 1.3 கிலோ ஓம் காட்டிய இரட்டை லாக் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்றை வாங்கினேன். 10 கிலோ ஓம் அளவை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன், ஏனென்றால் 50 கிலோ ஓம் திருகுக்குப் பின்னால் பத்து மீட்டர் ஷீல்டு வயர் வந்தால், வயரின் கெபாசிட்டன்ஸ் உயர்ந்த ஒலிகளை விழுங்கிவிடும், தாளத் தட்டின் சலங்கை ஒலி மங்கிப்போகும். டிஏசிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் இடையே இந்தத் திருகு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு அடுத்து, பெட்டிக்குள் ஸ்க்ரூடிரைவரால் மட்டுமே திருப்பக்கூடிய ஒரு பிரீசெட் வைத்து உச்ச அளவுக்கு ஒரு வரம்பு கட்டிவிட்டேன். பை எந்த நிலையில் விழித்தாலும், திருகை யார் கடைசி வரை திருப்பினாலும், அந்த வரம்புக்கு மேல் ஸ்பீக்கருக்கு ஒலி போகாது. பலர் உட்காரும் இடத்தில் வைக்கிற ஜூக்பாக்ஸில் இந்தக் கடைசி வரம்பை மென்பொருளிடம் விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு திருகுக்கும் வயருக்கும் சேர்த்து 500 ரூபாய்கூட ஆகவில்லை.

நேற்று மறுபடியும் தேடிப் பார்த்தேன். அதே கிட், வேறொரு கடைப் பெயரில், 5,200 ரூபாய்க்கு வந்திருக்கிறது. படம் பழையதுதான்: நீல நிறத் திருகு, பக்கத்தில் சுருட்டி வைத்த டெலிபோன் வயர், போர்டின் நடுவில் ஐசியை முழுவதும் மூடிய வெள்ளை ஸ்டிக்கர்.