கைப்பிடி வலு அளக்கும் கருவி: வயது போனவர்கள் உள்ள வீட்டுக்கு வாங்கலாமா?

வெள்ளவத்தையில் மருத்துவ உபகரணங்கள் விற்கும் கடையொன்றில் அம்மாவுக்காக வாங்கிய டிஜிட்டல் கருவி இது. பிடியை முழுப் பலத்தோடு நெரித்தால் எத்தனை கிலோ என்று திரையில் காட்டும். வயது போன பெற்றோர் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். ஆனால் அதிலே தோன்றும் தீர்ப்பை மட்டும் நம்பாதீர்கள்.

அம்மாவுக்கு 76 வயது. பல வருடங்களாக எடை மாறாததால் அவருடைய தசை கரைகிறது என்ற சந்தேகம் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. கரைந்த தசையின் இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொண்டால் தராசுக்கு அது தெரியாது. ஊறுகாய்ப் போத்தலின் மூடியைத் திறக்க என்னைக் கூப்பிடத் தொடங்கினார்; கதிரையில் இரண்டு கைகளையும் ஊன்றித்தான் எழும்பினார். கருவியில் வந்தது 15.6 கிலோ. அதன் பக்கத்திலேயே ‘இயல்பு’ என்றும் காட்டியது! எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். கருவி அவரை அவர் வயதுப் பெண்களோடு ஒப்பிடுகிறது. அவர்களிலும் பலர் தசை இழந்தவர்கள். ஆசியர்களுக்கான 2019ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டலில் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் குறைந்தாலே பிடி பலவீனம்தான்.

அளக்கும்போது நின்றபடி, முழங்கையை நேராக நீட்டி, இரண்டு கைகளாலும் மாறி மாறி நெரித்து, கூடிய எண்ணை எடுங்கள். விரல் மூட்டு வலி இருந்தால் எண் குறையும்.

கதிரையில் கைகளை ஊன்றாமல் ஐந்து தடவை எழும்பி இருக்க 12 செக்கன்களோ அதற்கு மேலோ எடுத்தால் அதுவும் எச்சரிக்கைதான். அதற்கு ஒரு மணிக்கூடு போதும்.

இவை சந்தேகத்தை எழுப்பும் அளவுகள். தசையின் அளவை ஸ்கேன் போன்ற சோதனையால்தான் உறுதிசெய்வார்கள். கொழும்பில் ஒரு தனியார் நிலையத்தில் ‘டெக்ஸா’ (எலும்பையும் தசையையும் அளக்கும் எக்ஸ்ரே ஸ்கேன்) என்றதும் இடுப்பையும் முள்ளந்தண்டையும் மட்டும் எடுத்து, எலும்படர்த்தி அறிக்கையைக் கையில் தந்துவிட்டார்கள். கை கால் தசையை அளக்க முழு உடல் ஸ்கேன் வேண்டும். வைத்தியரின் துண்டில் அது தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கருவியில் இன்னொரு குறை, பிடியின் இடைவெளியை மாற்றும் திருகு மிக இறுக்கம். அம்மாவின் சிறிய கைக்கு அதைப் பொருத்த நான்தான் பாடுபட்டேன். வாங்கப் போகும்போது பெற்றோரையும் கூட்டிச் சென்று, பிடி அவர்கள் கைக்கு அடங்குகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.