ஒரு பக்கம் மட்டும் சைனஸா? ஆபரேஷனுக்கு முன் பல்லைப் பாருங்கள்

பெங்களூரில் மூக்கடைப்பு என்று யாரிடம் போனாலும் டஸ்ட், பார்த்தீனியம் செடி, கிளைமேட் என்பார்கள். எனக்கும் அதையே சொன்னார்கள். அலர்ஜி என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் அடைக்கும், தும்மல் வரும். எனக்கு இடப்பக்கம் மட்டும். குனிந்தால் கன்னம் கனக்கும், மஞ்சளாக வடியும், கூடவே அழுகின முட்டை நாற்றம். பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது, எனக்குத்தான் அடிக்கும். ஆன்டிபயாட்டிக் நிறுத்தினால் மறுபடி பழைய கதை.

காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்கேன் எடுத்தார்கள். "மூக்குத் தண்டு வளைஞ்சிருக்கு, ஆபரேஷன் பண்ணிடலாம். இன்ஷூரன்ஸ் இருக்குல்ல?" கொஞ்சம்கூட வளையாத மூக்கு எத்தனை பேருக்கு இருக்கும்? ரிப்போர்ட்டைக் கேட்டால், "அட்மிஷன் அப்போ தருவோம்" என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002 மருத்துவக் கவுன்சில் விதி சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் கைக்கு வந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: இடது மேல் கடைவாய்ப்பல்லின் வேர்நுனியில் எலும்பு கரைந்திருக்கிறது. டாக்டர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அது ரூட் கெனால் செய்து கேப் போட்ட பல். நரம்பு எடுத்த பல், சீழும் மேலே சைனஸுக்குள், அதாவது கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறைக்குள் வடிந்துவிடுகிறது, அதனால் வலியே கிடையாது. செய்த கிளினிக்கில் சின்ன எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "பல் பர்ஃபெக்ட் சார், சைனஸுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்றார்கள். சம்பந்தம் நிறையவே இருக்கிறது. மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் சைனஸின் அடித்தளத்தை ஒட்டியே நிற்கின்றன. சிலருக்கு நடுவில் மெல்லிய சவ்வுதான். சின்ன எக்ஸ்ரேயில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் கோளாறு மறைந்துவிடலாம்.

வேறொரு ரூட் கெனால் நிபுணர் கோன் பீம் சி.டி., அதாவது பல்லை முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்கேன், எடுக்கச் சொன்னார். மேல் முதல் கடைவாய்ப்பல்லுக்கு வேர் மூன்றுதான், ஆனால் பெரும்பாலானோருக்கு நான்காவதாக ஒரு கெனாலும் (வேருக்குள் நரம்பு ஓடும் குழாய்) உண்டாம். என் பல்லில் அதைத் தொடவே இல்லை. ரூட் கெனாலைத் திரும்பச் செய்ததும் நாற்றம் போனது, அப்புறம் அடைப்பும். எல்லோருக்கும் இத்தோடு முடியாது. சிலருக்குப் பல்லை எடுக்க வேண்டிவரும், சைனஸ் ஆபரேஷனும் தேவைப்படலாம். செலவுக்குப் பயமென்றால் விக்டோரியா ஆஸ்பத்திரி பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பழைய கிளினிக்கில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அடுத்த க்ளீனிங் இலவசம் என்று வாட்ஸப்பில் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள். ரசீது, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் ஃபைலில் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போகப்போகிறேன்.